பின்னங்கால் பின்னுகிற குதிரை

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். இரண்டு வருடம் முன்பு ஆடியில் அந்தியூர் சந்தையில் ஒரு மார்வாரி ஆண் குதிரை வாங்கினோம். இப்போது 5 வயது. காயடிக்கவில்லை. முதல் ஒன்றரை வருடம் தங்கமாக இருந்தது. என் 12 வயது மகன்கூட ஏறுவான். நாலு மாதமாகக் குணமே மாறிவிட்டது. பின்னங்கால் இடறுகிறது, திருப்பினால் குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறது. லாடம் அடிக்க வந்தவரை உதைத்துவிட்டது. சேணத்தைக் கையில் எடுத்தாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. போன மாதம் வாய்க்கால் கரைச் சரிவில் மகனோடு சாய்ந்து விழுந்தது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. நடுவில் இரண்டு மூன்று முறை காய்ச்சல் வந்து தானாகவே விட்டது. அடிவயிற்றில் லேசான வீக்கம் இருக்கிறது. குதிரை பழக்குகிற ஒருவர், 'எல்லாம் திமிர், இரண்டு நாள் பட்டினி போட்டு முள் லகான் மாட்டுங்கள்' என்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சுழி சரியில்லை என்கிறார். என் மனைவிக்கு இது வெறிநாய்க்கடியோ என்று பயம். தீவனம் கொள்ளு, மக்காச்சோளம், தவிடு, சோளத்தட்டு. மாட்டுக் கொட்டகையை ஒட்டித்தான் கட்டுகிறோம். வரும் ஆடியில் விற்றுவிடலாமா?

பதில்:

முதல் காரியம், இன்று முதல் அந்தக் குதிரை மேல் யாரும் ஏறக்கூடாது. உங்கள் மகன் மட்டுமல்ல, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வரும் அனுபவசாலியும்தான். நல்ல குதிரை இடறினால் அடுத்த அடியில் சமாளித்துக்கொள்ளும். உங்கள் குதிரைக்குத் தான் இடறியதே தெரியாது. 350 கிலோ உடம்பு பக்கவாட்டில் சாயும்போது மேலே இருப்பவரின் கால் அடியில்தான் மாட்டும். வாய்க்கால் கரையில் சிராய்ப்போடு போனது பெரிய அதிர்ஷ்டம்.

அடுத்து உங்கள் மனைவியின் பயம். அவர் பயந்ததில் தப்பில்லை. தள்ளாடுகிற, கடிக்க வருகிற எந்தக் குதிரையைப் பார்த்தாலும் ரேபிஸை முதலில் நினைப்பதுதான் சரி. ஆனால் குதிரைக்கு ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் உயிர் போய்விடும். நாலு மாதம் நிற்காது. எனவே இது அது இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: நேற்றுவரை நன்றாக இருந்த குதிரை திடீரென்று தள்ளாடி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். தூரமாகக் கட்டிவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். உங்கள் குதிரைக்கும் வருடம் ஒருமுறை ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது. தோட்டத்தில் நாய் வராமல் இருக்காது.

சரி, இப்போது 'திமிர்' என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரேக்ளா குதிரையைப் பார்க்கப் போனேன். லாடம் அடிக்க விடவில்லை, உதைக்கிறது என்று புகார். நானும் முரட்டுக் குதிரை என்று எழுதிக்கொடுத்து மயக்க ஊசி போட்டேன். ஊசி ஏறியதும் குதிரை தலையைத் தொங்கப்போட்டு நிற்கவில்லை. பின்பக்கம் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டது. எழுப்ப ஆறு பேர் வேண்டியிருந்தது. அது எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், இடது பின்னங்கால் வலது பின்னங்காலுக்குக் குறுக்கே போய் நின்றிருந்தது. கத்தரிக்கோல் மாதிரி. குதிரை அதைச் சரிசெய்யவே இல்லை. அப்படியே நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. தன் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி அதன் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

நாம் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுகிறோம் இல்லையா? கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே தெரிகிறது. காலிலிருந்து தண்டுவடம் வழியாக மூளைக்கு ஓயாமல் செய்தி போவதால்தான் அது நடக்கிறது. தண்டுவடத்தில் அடைப்போ, வீக்கமோ, நரம்பு அழிவோ வந்தால் அந்தச் செய்தி அரைகுறையாகப் போகும். பின்னங்காலுக்குப் பாதை நீளம், அந்த நரம்புகள் தண்டுவடத்தின் வெளி ஓரத்தில் ஓடுகின்றன என்பதால் முதலில் கெடுவது பின்னங்கால். குதிரை ஓடித் தப்பித்துப் பிழைக்கிற பிராணி. ஓட முடியுமா என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டால் மிச்சம் இருப்பது கடியும் உதையும்தான்.

உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். லாடம் அடிப்பவர் ஒரு பின்னங்காலைத் தூக்கினால் மிச்சம் மூன்று காலில் உடம்பைத் தாங்க வேண்டும். அது முடியாதபோது, விழுவதற்குமுன் காலைப் பிடுங்கிக்கொள்கிறது. எதிரில் ஆள் இருந்தால் அது உதையாகிறது. சேணத்தைக் கண்டால் கடிக்க வருகிறது. சேணம் ஏறினால் அடுத்து முதுகில் ஆள் ஏறும், ஆள் ஏறினால் தள்ளாட்டம் கூடும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. சரிவில் இறங்கும்போது பின்னங்கால்தான் பிரேக். அந்த பிரேக் இல்லாமல்தான் வாய்க்கால் கரையில் போனது.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறேன், பலரும் பார்ப்பதில்லை. முன்னங்கால் முட்டியிலும், குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் முன்பக்கத்திலும் ஆறாத சிராய்ப்போ தழும்போ இருக்கிறதா? குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும், தினமும் அரை மணி நேரமாவது. படுத்தால் எழ முடியாது என்று பயந்த குதிரை படுக்காது. நாள் கணக்கில் அப்படியே நின்றால், ஒரு கட்டத்தில் நின்றபடியே கண் சொருகி முன்னங்கால் மடங்கி முட்டி தரையில் இடிக்கும்; திடுக்கிட்டு எழுந்துகொள்ளும். தழும்பு அப்படி வருவதுதான். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தால் நீங்களும் நானும்கூடக் கடிக்கத்தான் போவோம். காலையில் உடம்பின் ஒரு பக்கத்தில் சாணியோ மண்ணோ ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் பாருங்கள்.

காரணம் என்ன? பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிவயிற்று வீக்கம், பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, பின்னங்கால் பலவீனம் என்று நாலும் ஒன்றாகச் சேர்ந்தால் என் சந்தேகம் முதலில் போவது சர்ரா நோய் மேல். டிரிப்பனோசோமா என்ற, ரத்தத்தில் நெளிந்து திரியும் ஒட்டுண்ணியால் வருவது. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், நோய்ப்பட்ட குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தார். அந்த இனத்து ஒட்டுண்ணி நோய் உண்டாக்கும் என்று முதன்முதலில் தெரியவந்ததே அன்றைய இந்தியாவில்தான். பெரிய கடி ஈக்கள் ஒரு பிராணியின் ரத்தம் தோய்ந்த வாயோடு அடுத்ததைக் கடிக்கும்போது பரவுகிறது. மாடும் எருமையும் பெரிதாக எதையும் காட்டிக்கொள்ளாமல் இதைச் சுமந்து திரியும், குதிரைதான் படுத்துவிடும். அதனால்தான் மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒரு முறை ரத்தம் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் நிம்மதியாகிவிட வேண்டாம். ஒட்டுண்ணி எப்போதும் ரத்தத்தில் தென்படாது. காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, காலை மாலை ஆசனவாயில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். உதைக்கிற குதிரை என்பதால் பின்னால் நிற்காமல், இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, வாலை ஒதுக்கி வைக்க வேண்டும். விடாமல் உதைத்தால் நீங்கள் முயல வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். 99 முதல் 101 ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். 102-ஐத் தாண்டினால் அன்றே உள்ளூர்க் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. சென்னை என்றால் வேப்பேரி. ஸ்லைடில் தெரியாவிட்டால் பிசிஆர், எலிசா சோதனைகள் உண்டு. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாட்டுக்கு இந்த நோய்க்குப் பரவலாகப் போடும் டிமினசீன் ஊசி குதிரைக்கு ஒத்துக்கொள்வது குறைவு. அளவு கொஞ்சம் மீறினாலும் நரம்பையே தாக்கும். குதிரைக்கு வழக்கம் குயினாபைரமின். அதையும் ஒரே இடத்தில் போட்டால் வீங்கும் என்று பிரித்துப் பல இடத்தில் போடுவார்கள். எடையைச் சரியாகக் கணக்கிட்டு மருத்துவர்தான் போட வேண்டும். இந்த மருந்து மூளை, தண்டுவடத்துக்குள் நன்றாகப் போய்ச் சேராது. அதனால் சிலவற்றுக்கு நோய் திரும்ப வரும். கால் பின்னத் தொடங்கிய பிறகு சிகிச்சை ஆரம்பித்தால் காய்ச்சலும் வீக்கமும் போய்விடும், தள்ளாட்டம் கொஞ்சம் தங்கிவிடலாம். இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ரா இல்லை என்றால் அடுத்த சந்தேகம் கழுத்தெலும்பு. வேகமாக வளர்ந்த, உயரமான இளம் ஆண் குதிரைகளில் கழுத்து எலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் நெருக்கப்பட்டுப் பின்னங்கால் தள்ளாடும். 'வாப்ளர்' என்பார்கள். கழுத்தைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த எக்ஸ்ரே ஓரளவு காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் இதற்கு அறுவை சிகிச்சைகூடச் செய்கிறார்கள்; கோபிசெட்டிபாளையத்துத் தோட்டத்திலிருந்து அதைப் பேசுவதில் அர்த்தமில்லை. அப்புறம், இணையத்தில் தேடினால் 'ஈபிஎம்' என்று ஒரு நோய்தான் முதலில் வந்து நிற்கும். அதைப் பரப்புவது ஒப்போசம் என்ற அமெரிக்கக் கண்டத்துப் பிராணியின் கழிவு. இந்தியாவில் பிறந்து இங்கேயே வளர்ந்த குதிரைக்கு அந்தக் கவலை வேண்டாம். அதற்கான விலை உயர்ந்த மருந்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தீவனத்தில் எனக்கு உறுத்துவது மக்காச்சோளம். மூட்டையில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நெடி வந்தாலோ, மணி இளஞ்சிவப்பாகவோ பொடிந்தோ இருந்தாலோ மூட்டையோடு கொட்டிவிடுங்கள். மக்காச்சோளத்தில் வரும் ஒரு பூஞ்சையின் நஞ்சு குதிரை மூளையின் வெள்ளைப் பகுதியைக் கூழாக்கிவிடும். மாடு தாங்கும், குதிரை தாங்காது. உங்கள் குதிரை நாலு மாதம் இழுத்திருப்பதைப் பார்த்தால் இது அந்த வகை என்று தோன்றவில்லை, அது நாள்கணக்கில் முடித்துவிடும். இருந்தாலும் மக்காச்சோளத்தை நிறுத்திவிடுங்கள். அதைவிட, பண்ணைத் தீவனம் மிச்சம் இருக்கிறதே என்று கோழித் தீவனத்தையோ மாட்டுக் கலப்புத் தீவனத்தையோ போட்டுவிடாதீர்கள். சிலவற்றில் மோனென்சின் சேர்ப்பார்கள். கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தையே நிறுத்தும் விஷம். காய்ந்த தட்டோடு பச்சைப் புல்லும் தினம் வேண்டும். நரம்புக்குத் தேவையான வைட்டமின் ஈ பச்சையில்தான் இருக்கிறது. காய்ந்ததும் பெரும்பகுதி போய்விடும். வருடக்கணக்கில் வைக்கோலும் தவிடும் மட்டும் தின்ற குதிரைக்கு அதன் குறைபாட்டாலேயே நரம்பு கெடலாம். ரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சுழி பற்றிப் பெரியவரோடு சண்டை போட வேண்டாம். அந்தியூரில் வாங்கும்போது சுழி சுத்தம் என்று சொல்லித்தானே கொடுத்திருப்பார்கள்? அதே சுழிதான் இப்போதும் இருக்கிறது. கோளாறு நாலு மாதமாகத்தான். நம் ஊரில் குதிரைக்கும் வைத்தியத்துக்கும் நடுவே உள்ள தூரம் புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்ததையும், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாமல் பெரும்பாலானவை செத்ததையும் எழுதிவைத்திருக்கிறார்.

முள் லகான் கூடவே கூடாது. 1965-இன் வண்டி, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். தள்ளாடுகிற குதிரையின் வாயில் முள்ளை வைத்து இழுத்தால் வலியில் தலையைத் தூக்கும். தலை தூக்கினால் தன் காலும் தரையும் கண்ணுக்குத் தெரியாது. இப்போதைக்கு அது நடப்பதே பாதி கண்ணை நம்பித்தான். பட்டினியும் அப்படித்தான், நோயில் இளைத்த உடம்பை இன்னும் இளைக்க வைக்கும்.

இனி தினசரி விஷயங்கள். மாட்டுக் கொட்டகையிலிருந்து தள்ளி, மேடு பள்ளம் இல்லாத இடத்தில், முள்கம்பி இல்லாத வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள். பின்னங்காலில் கயிறு போட்டுக் கட்டும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். தடுக்கினால் எழவே முடியாது. ஒரு மூலையில் ஆற்று மணலை முக்கால் அடி கனத்துக்குக் கொட்டி நிழல் போடுங்கள். மணலில் படுக்கவும் எழவும் சுலபம். படுக்கத் தொடங்கியதும் கடி குறைந்த குதிரைகளை நானே பார்த்திருக்கிறேன். மாலையில் வேப்பிலைப் புகை மூட்டம் போடுவது ஈக்குக் கொஞ்சம் உதவும். சிமெண்ட் தரை ஈரமாக இருக்கும்போது அதன்மேல் நடத்தக்கூடாது. குறுகலான வழியில் குதிரையோடு கூடவே நுழையாதீர்கள். அது சாய்ந்தால் சுவருக்கும் அதற்கும் நடுவே நீங்கள் இருப்பீர்கள். கடிக்கிறதே என்று சமாதானப்படுத்தக் கையில் வெல்லம் கொடுக்க வேண்டாம்.

பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிடுங்கள். சவாரி இல்லாத குதிரைக்கு அது தேவையும் இல்லை, ஒரு காலை இன்னொரு கால் மிதித்தாலும் காயம் குறையும். குளம்பு சீவ வரும்போது குதிரையின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிற்கட்டும். காலை முழங்கால் உயரம் தூக்காமல், தரையிலிருந்து ஒரு சாண் மட்டும், ஐந்து எண்ணும் வரை. அது பிடுங்குவதற்கு முன்பே நீங்களாகக் கீழே வைத்துவிட வேண்டும். உதைத்த பிறகு விட்டால், உதைத்தால் ஆள் போய்விடுவான் என்ற பாடம்தான் அதற்கு ஏறும். நோய் குணமானாலும் அந்தப் பாடம் தானாக மறக்காது. நாலு மாதத்தில் படித்ததை மறக்க அதைவிட அதிக நாள் ஆகும், சலிக்காமல் செய்யுங்கள். மயக்க ஊசி போட்டுச் சீவலாம் என்று யாராவது சொன்னால், என் ரேக்ளா குதிரைக் கதையைச் சொல்லுங்கள்.

காயடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இது நல்ல யோசனை, ஆனால் இப்போது இல்லை. மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தால் எழும்போது அடிபடும். நோய் என்னவென்று தெரிந்து நடை நிலைப்பட்ட பிறகு பார்க்கலாம்.

விற்பதா என்றால், நோயைச் சொல்லாமல் விற்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மார்வாரி, பார்க்க அழகு. ஆடிச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி நிமிடத்தில் போய்விடும். அடுத்த முகூர்த்தத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு பேண்டு வாத்தியத்துக்கும் வெடிக்கும் நடுவே தார்ரோட்டில் நிற்கும். அங்கே அது விழுந்தால் யார் மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள். நோயைச் சொல்லி, சவாரிக்கு ஆகாது என்று சொல்லி, இடமும் மனமும் இருக்கிற ஒருவர் சும்மா வைத்துக்கொள்ளக் கேட்டால் கொடுக்கலாம்.

உங்களிடமே இருந்தால்? சிகிச்சை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் போக்கு தெரிந்துவிடும். தள்ளாட்டம் லேசாகத் தங்கினால் சவாரி இல்லாமல் மேய்ச்சல் குதிரையாகப் பல வருடம் இருக்கும். மோசமாகிக்கொண்டே போய், வாரம் ஒருமுறை விழுந்து, எழுப்ப ஆள் கூப்பிட வேண்டிய நிலை வந்தால், வலியில்லாமல் முடித்துவைக்கும் பேச்சை மருத்துவரோடு நீங்களே தொடங்குங்கள். நாங்களாகத் தொடங்கத் தயங்குவோம். விழுந்து இரண்டு நாள் புரண்டு உடம்பெல்லாம் புண்ணாகிய பிறகு கூப்பிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இவ்வளவு சொன்னாலும், உங்கள் குதிரை அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை என்றே கடிதத்திலிருந்து படுகிறது.

மருத்துவர் வருமுன் செல்போனில் வீடியோ எடுத்துவைத்தால் பாதி வேலை முடியும். பழகிய ஒருவர் நீளமான கயிற்றில் பிடித்து நடத்தட்டும். நேராக நடப்பது, இரண்டு பக்கமும் சின்ன வட்டமாகத் திரும்புவது, பின்னால் நாலடி நகர்வது, நடக்கையில் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பது, இவை ஒவ்வொன்றும் அரை நிமிடம். சரிவில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டாம், அதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே. பின்னங்கால் குளம்பு நுனி தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்று கிட்டத்தில் ஒரு படமும் வேண்டும். அதை நிழலில் நிற்கும்போது, பக்கவாட்டிலிருந்து ஜூம் செய்து எடுங்கள். உங்கள் மகன் கொஞ்ச நாளாகக் குதிரைப் பக்கமே போக முடியாமல் இருப்பான். வேலிக்கு வெளியே நின்று வீடியோ எடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள்.